மண்டியிட்ட மண் மனிதன்

பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு அருகே நம் நண்பர் ஒருவரின் இல்லம் இருக்கிறது. ஊர்ப் பெயரைக் கேட்டுப் பருத்தியையும் பட்டையும் ஒருங்கே நெய்த ஊர்போலும் என்று எண்ணிவிட வேண்டா; இங்குப் பட்டு என்பது சேத்துப்பட்டில் வருவது போன்ற ஊர்ப்பெயர் ஈறு. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே, ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்து, இன்று ஆவடி மாநகராட்சிக்குள் அடங்கி, ஏரியைச் சுற்றி நடைபாதையும் பூங்காவும் பெற்றுவிட்ட இடம். அங்கே, தைத் திங்களின் தொடக்கத்தில் ஒரு மாலை, நாம் தேநீர் அருந்தினோம். அருந்திய தேநீர் இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. அதன் காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

நண்பர் நல்லவர். பகுத்தறிவாளர். தம் திருமணத்திற்குப் புரோகிதரை அழையாதவர். மனை கோலும்போது நாளும் கோளும் பாராதவர். அவர்தம் மகள் இங்கிலாந்தில் கல்வி கற்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் தந்தைக்கு இரண்டு பொருள்கள் கொணர்ந்திருந்தாள். ஒன்று, வானத்து நீலத்தில் ஒரு சிறு சாடி. அதன்மீது பாலாடை போன்ற வெண்ணிறத்தில், காற்றில் ஆடை அலைய நடனமிடும் கிரேக்க மங்கையர். மற்றொன்று, உள்ளங்கையில் அடங்கும் ஒரு முட்டை வடிவ வில்லை. வெள்ளை நிலத்தின்மேல் கறுப்பு மனிதன் ஒருவன், கையிலும் காலிலும் விலங்கு, ஒரு முழங்கால் மண்ணில், கூப்பிய கரங்கள், மேல்நோக்கிய முகம். அவனைச் சுற்றி, தான் ஒரு மனிதன் அல்லவா, உடன்பிறந்தான் அல்லவா என்று கேட்கும் ஆங்கில வாசகம். இரண்டும் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் விளக்கொளி படும்படி வைக்கப்பட்டிருந்தன. நண்பர் பெருமிதத்தோடு காட்டினார்; அடிமை ஒழிப்பின் கதையைச் சொன்னார்; நாமும் தலையசைத்துக் கேட்டோம்.

அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த பணிப்பெண்ணும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வில்லையைக் கையில் எடுத்து, துணியால் ஒற்றி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு வீட்டம்மையாரிடம் கேட்டார்: "ஏம்மா, இந்த ஆளு இன்னா தப்பு பண்ணாருன்னு முட்டி போட வச்சிருக்காங்க?"

நாங்கள் நகைத்தோம். ஆம், நாமும் நகைத்தோம், அதை மறைப்பதற்கில்லை. அதன்பின் தேநீர் வந்தது. நமக்குப் பூவேலை செய்த பீங்கான் கோப்பையில். பணிப்பெண்ணுக்கும் வந்தது. சமையலறைச் சன்னலுக்கு வெளியே, துணி துவைக்கும் கல்லின் பக்கம், தனியே கவிழ்த்து வைத்திருந்த நசுங்கிய எவர்சில்வர் குவளையில். அவரே போய் எடுத்தார், நீட்டினார், அம்மையார் உயரத் தூக்கி ஊற்றினார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடிமை ஒழிப்பின் சின்னத்துக்குப் பத்தடி தொலைவில் இது நடந்தது. நாம் தேநீரைக் குடித்து முடித்தோம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெண்ணின் வினாவே நம்மைத் தொடர்ந்தது. நம் பள்ளிகளிலே முட்டி போடுவது தண்டனை. எனவே மண்டியிட்ட மனிதனைக் கண்டதும், குற்றம் என்ன என்று கேட்டுவிட்டார். சிரிப்பதற்குரிய அறியாமை என்று நாம் நினைத்தது எத்துணை கூரிய வினா! மனிதன் என்று தன்னை மெய்ப்பிக்க ஒருவன் ஏன் மண்டியிட வேண்டும்? எவர் முன்னே? சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தை அவர்களுக்கு வழங்கியவர் எவர்?

இந்த வினாவோடு அந்தச் சாடியின் கதையையும் வில்லையின் கதையையும் பார்ப்போம். இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்தவை.

ஜோசையா வெட்ஜ்வுட் 1730-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயரில், குயவர் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் கண்ட பெரியம்மை அவர் முழங்காலைப் பாழாக்கியது. காலால் உதைத்துச் சக்கரம் சுழற்ற இயலாமற்போயிற்று. 1768-இல் அந்தக் காலையே வெட்டி எடுத்தனர். சக்கரம் சுழற்ற முடியாத குயவர் சோதனையில் இறங்கினார். களிமண்ணோடு இதைச் சேர்த்தால் என்ன, அதைச் சேர்த்தால் என்ன என்று ஆயிரக்கணக்கான முறை சுட்டுப் பார்த்து, எண்ணிட்டு, குறிப்பெழுதி வைத்து, 1770-களின் நடுவில் ஜாஸ்பர் என்ற புதுவகைக் கலத்தைக் கண்டார். மண்பாண்டத்தின் வகைதான் எனினும் மெருகு பூசப்படாதது. பீங்கான்போல் நெருக்கமாக இறுகியது. பேரியம் சேர்ந்த கனிமம் ஒன்று அதன் உடலில் உண்டு. கோபால்ட் ஆக்சைடு கலந்தால் நீலம் பிறக்கும். வெண்ணிற உருவங்களைத் தனி அச்சில் அழுத்தி எடுத்து, ஈரம் தொட்டு, நீல உடலின்மேல் ஒட்டி, சூளையில் சேர்த்துச் சுடுவர். எந்தத் தெய்வத்தின் அருளும் இதிலே இல்லை. ஏட்டில் எழுதிய தோல்விகளின் விளைவு. பகுத்தறிவு என்பதைக் கைத்தொழிலில் காண விரும்பும் இளைஞர் வெட்ஜ்வுட்டின் சோதனைக் குறிப்புகளைப் பற்றிப் படிக்க வேண்டும்.

ஆனால் அந்தக் காலத்துச் சீமான்களுக்கு வேண்டியது புதுமையன்று, பழமை. இத்தாலியில் புதைகுழிகளைத் தோண்டி எடுத்த பழங்கலங்கள்மேல் அவர்களுக்கு மோகம். அவற்றை எட்ரஸ்கன் மக்கள் செய்தவை என்று கருதினர். வெட்ஜ்வுட்டும் 1769-இல் திறந்த தம் புதிய தொழிற்சாலைக்கு எட்ரூரியா என்று பெயரிட்டார். எட்ரூரியாவின் கலைகள் மறுபிறப்பெடுக்கின்றன என்று முதல் நாள் செய்த கலங்களில் இலத்தீனில் பொறித்தார். பின்னர்தான் தெளிவாயிற்று: அவர்கள் போற்றிய அந்த ஓவியக் கலங்களுட் பெரும்பாலானவை எட்ரஸ்கன் அல்ல, கிரேக்கம்! பழம்பெருமையின் பெயர்ப்பலகை பெரும்பாலும் தவறாகத்தான் மாட்டப்படுகிறது. நம் நாட்டுத் தலபுராணங்களைக் கற்றவர்க்கு இது புதிய செய்தியன்று.

மெய்யான எட்ரூரியாவிலிருந்து ஒரு கலம் தமிழ்க் கரைக்கு வந்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுவோம். பண்டை எட்ரூரியாவின் நகரங்களுள் ஒன்று அரெட்டியம், இன்றைய அரெட்சோ. அங்கே உரோமானியர் செய்த செந்நிறக் கலங்கள், அச்சில் எழுப்பிய புடைப்பு உருவங்களுக்குப் பேர்போனவை. அவ்வகைக் கலத்தின் ஓடுகளை, செய்தவர் முத்திரையோடு, புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தெடுத்தார். அரெட்டியத்துப் பட்டறைகளில் உழைத்தோருட் பலர் அடிமைகள். பட்டறை உடையவன் பெயரோடு அடிமையின் பெயரும் கலத்தில் முத்திரையாகக் குத்தப்பட்டது. ஏன்? அவனைச் சிறப்பிக்கவா? கணக்குப் பார்க்க! கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த பானை ஓடுகளில் குவிரன் ஆதன் முதலான பெயர்களைத் தமிழியில் கீறியவர்கள், அது தம் பானை என்று கீறினர். அரெட்டியத்தில் பெயர், அவனே பிறன் உடைமை என்பதற்கு அடையாளம். எழுத்து ஒன்றுதான், கீறியவன் கை யாருடையது என்பதிலே இருக்கிறது வேறுபாடு.

வெட்ஜ்வுட்டின் சாடியில் ஆடும் மங்கையரைப் பாருங்கள். நாழிகைத் தெய்வங்கள் என்பர். ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற இளஞ்சிற்பி 1770-களில் அமைத்துக் கொடுத்த உருவங்கள் அவை. எத்துணை அமைதி! எத்துணை ஒயில்! இவர்களுக்கு வியர்ப்பதில்லை. இவர்கள் நீர் சுமப்பதில்லை. அந்த ஒயிலை உலகுக்கு ஈந்த கிரேக்கம் அடிமைகளின் தோளில் நின்ற நாடு. பிறப்பிலேயே சிலர் அடிமைத்தன்மை உடையவர் என்று வாதித்த அரிஸ்டாட்டில், அறிவின் தந்தை என்று பாராட்டப்பெறுபவர். தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று நம்மூரில் சொன்னதை அவர் தருக்க நூலார் மொழியில் சொன்னார், அவ்வளவே. வெட்ஜ்வுட்டின் நுகர்வோர் கிரேக்க உருவங்களின் ஆடையின்மையைக் கண்டு கூசினர். அவர் கச்சிதமாக ஆடை போர்த்தி விற்றார். அடிமை முறையைப் போர்த்தத் தனியே துணி தேவைப்படவில்லை; அது சாடியில் இடம்பெறவே இல்லை.

எட்ரூரியா ஆலையிலோ? அங்கே அடிமைகள் இல்லை. கூலிக்கு உழைத்தோர் இருந்தனர். வெட்ஜ்வுட் அவர்களுக்கு மணியடித்தார், நேரம் வகுத்தார். ஒருவன் ஒரு கலத்தை முழுதாகச் செய்வதை நிறுத்தி, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார். பிழையே செய்யாத இயந்திரங்களாகத் தொழிலாளரை ஆக்குவதே தம் நோக்கம் என்று தம் கூட்டாளி பென்ட்லிக்கு எழுதினார். அவரிடம் உருவமைப்பவராக இருந்தவர் வில்லியம் ஹேக்வுட். அந்தக் கறுப்பு மனிதனின் உருவை வில்லைக்காக அமைத்தவர் அவரே என்பது பொதுவாக ஏற்கப்படும் செய்தி. ஹேக்வுட் தாம் வடித்த முக உருவின் ஓரத்தில் தம் பெயரைப் பொறித்தபோது வெட்ஜ்வுட்டுக்கு அது உவப்பாக இல்லை. கலத்தின் அடியில் ஆலையின் பெயர் இருக்கலாம். செய்தவன் பெயர் இருத்தலாகாது! அடிமைக்குக் குரல் கொடுத்த சின்னத்தைச் செய்த கைக்கு, தன் பெயரை எழுதும் உரிமை கேள்விக்குறியாக இருந்தது. இதை வெட்ஜ்வுட்டை இழித்துரைக்கக் கூறவில்லை. நல்லவர்களின் பார்வை எந்த இடத்தில் மங்கும் என்பதைக் காட்டவே கூறுகிறோம்.

1787-ஆம் ஆண்டு மே திங்களில், அடிமை வாணிகத்தை ஒழிக்க இலண்டனில் ஒரு கழகம் தோன்றியது. அதன் முத்திரைக்கு அமைந்த உருவே மண்டியிட்ட மனிதன். வெட்ஜ்வுட் அதை ஜாஸ்பரில் வில்லையாக்கினார். வழக்கத்துக்கு மாறாக, நீலத்தின்மேல் வெள்ளை உருவமன்று, வெள்ளையின்மேல் கறுப்பு உருவம். தம் செலவிலேயே செய்து வழங்கினார். 1788-இல் அமெரிக்காவிலிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு ஒரு தொகுதி அனுப்பினார். சீமாட்டிகள் அதைக் கைவளையில் பதித்தனர். கூந்தல் ஊசியில் செருகினர். ஆடவர் பொடி டப்பியின் மூடியில் பொருத்தினர். அந்தக் கழகத்தின் தூணாக விளங்கிய தாமஸ் கிளார்க்சன், நாகரிகப் பகட்டு ஒருமுறையேனும் நீதிக்குத் துணைநின்றதே என்று மகிழ்ந்தெழுதினார். மகிழ்ச்சிக்குக் காரணம் இருந்தது. 1791-இல் அடிமைகள் விளைத்த சர்க்கரையை வேண்டா என்று ஒதுக்கியோர் மூன்று இலட்சம் பேர் என்று அவரே கணித்தார். 1807-இல் அடிமை வாணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆகவே அந்தச் சிறு மண்வில்லை வெறும் அலங்காரம் என்று தள்ளுதல் நன்றிகெட்ட செயல்.

ஆயினும் அந்தப் பெண்ணின் வினா நிற்கிறது. ஏன் முட்டி போட வைத்தார்கள்?

ஒருவர் சொல்லக்கூடும்: "நிமிர்ந்து நிற்கும் கறுப்பு மனிதனைச் செய்திருந்தால் யார் வாங்கியிருப்பர்? அஞ்சியிருப்பர். இரக்கத்தைத் தூண்டத்தானே மண்டியிடச் செய்தனர்? காரியம் நடந்ததல்லவா?" இது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. கொள்கை வீரம் பேசிக் காரியத்தைக் கெடுத்தவர்களும் வரலாற்றிலே உண்டு. கப்பலின் அடித்தளத்திலே சங்கிலியில் கிடந்தவனுக்கு, தன்னை விடுவிக்கும் படம் மண்டியிட்டதா நின்றதா என்பது அன்றைய கவலை ஆகாது.

எனினும் எண்ணிப் பாருங்கள். இரக்கம் என்பது மேலிருந்து கீழே வடிவது. வடிய வேண்டுமானால் பள்ளம் வேண்டும். பள்ளம் நிரம்பிவிட்டால் இரக்கத்துக்கு வேலையில்லை. ஆகையால் இரக்கம் தன்னை அறியாமலே பள்ளத்தைக் காத்துக்கொள்கிறது. உரிமை அப்படியன்று. அது சமதரையில் நடப்பது. உடன்பிறந்தான் அல்லனோ என்ற கேள்விக்கு, ஆம் என்று விடை சொல்பவன் அந்தக் கணமே அவனைக் கைதூக்கி எழுப்பியாக வேண்டும். எழுப்பாமல் ஆம் என்று சொல்வது பாட்டுக்குத் தலையாட்டுவது போன்றது. வில்லையில் உள்ளவனை எவரும் எழுப்ப முடியாது. புடைப்பு உருவத்தின் இயல்பே அது: நிலத்திலிருந்து எழும்பி நிற்பதுபோல் தோன்றும், நிலத்தை விட்டு ஒருபோதும் வராது. அணிந்துகொண்ட அம்மையாருக்கோ, ஆம் என்று சொன்ன மனநிறைவு கைமேல் கிடைத்துவிட்டது. வளையலோடு கழற்றிப் பேழையில் வைக்கவும் முடிந்தது.

அதே 1791-இல், கரீபியக் கடலில், இன்று ஹைட்டி என்று வழங்கும் நாட்டில், அடிமைகள் எழுந்தனர். யாரிடமும் கேட்டு எழவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போரிட்டு, நெப்போலியன் அனுப்பிய படையையும் முறியடித்து, 1804 ஜனவரி முதல் நாள் தனி நாடு கண்டனர். இலண்டன் வரவேற்பறைகளில் மண்டியிட்டவனுக்காகக் கண்ணீர் மல்கியவர்களுள் எத்தனை பேர், எழுந்து நின்றவனைக் கண்டு நடுங்கினர்! அவனுக்கு வில்லை இல்லை, வளையல் இல்லை. அவனிடம் 1825-இல் பிரான்சு 15 கோடி பிராங்க் கேட்டது, அடிமைகளை இழந்ததற்கு இழப்பீடாக. தன்னையே தான் விலைகொடுத்து வாங்க வேண்டியவனானான் விடுதலை பெற்றவன்.

பிரிட்டன் மட்டும் வேறா? 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியது. இழப்பீடு 2 கோடி பவுண்டு. அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. யாருக்கு? முதுகில் சாட்டைத் தழும்பு தாங்கியவனுக்கன்று, சாட்டை வைத்திருந்தவனுக்கு! அதற்காக வாங்கிய கடனின் மிச்சம் 2015-இல்தான் அடைபட்டது என்றால் நம்புவது அரிது, ஆனால் உண்மை. மண்டியிட்டுக் கேட்டால் கிடைப்பது இவ்வகை நீதிதான்: கேட்டவன் எழலாம், ஆனால் அவன் முதுகிலிருந்து இறங்கியவனுக்கு முதலில் கூலி.

நம் பருத்திப்பட்டுக்கு வருவோம். 1833-ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று அச்சட்டமே விலக்கு அளித்தது. பருத்திப்பட்டு அன்று கம்பெனி ஆண்ட செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்களுள் ஒன்று. உடன்பிறந்தான் அல்லனோ என்ற வினாவுக்கு இலண்டன் ஆம் என்று விடையிறுத்தபோது, இந்த ஏரியின் கீழே ஏர் பிடித்தவனை மட்டும் உடன்பிறப்புப் பட்டியலில் விட்டுவிட்டார்கள்! ஏன்? இங்கே இருப்பது அடிமைமுறை அன்று, வழக்கம் என்றனர். சாதி என்று பெயரிட்டுவிட்டால் சங்கிலி கண்ணுக்குத் தெரிவதில்லை. 1843-இல் கம்பெனி அரசு ஒரு சட்டம் செய்தது; ஒருவனை அடிமை என்று உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் அதை ஏலாது என்றது. பண்ணையாளுக்கு அதைப் படித்துச் சொல்ல யார் இருந்தார்கள்? அதற்குப்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்று, 1891-இல், செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைபற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். கடனால் கட்டுண்டு, குடியிருக்கும் மனையும் தமதில்லாது, பண்ணையைவிட்டு அகல முடியாது வாழ்ந்த நிலையை எழுதினார். அதன் பயனாக 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் பேசுவது அதுவே. அந்த நிலங்கள் இன்று யார் கையில் உள்ளன என்ற வினாவை ஆவடியிலிருந்து மதுராந்தகம் வரை எந்த ஊரிலும் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. கறுப்பு மனிதன் கரும்புத் தோட்டத்தை விட்டு எழுந்ததும் அவன் இடம் காலியாயிற்று. அதை நிரப்ப ஆள் தேடினார்கள். 1834-இலிருந்து மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகள் போயினர். 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் முதற்கூட்டத்தைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. வில்லையில் மண்டியிட்டவன் எழுந்தான்; தோட்டத்திலோ நம்மவன் குனிந்தான். அவனுக்கு எவரும் வில்லை செய்யவில்லை.

அந்தச் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ஓர் இதழ் தொடங்கினார். பெயர் 'பறையன்'. ஊரார் எந்தச் சொல்லைக் கல்லாக எறிந்தார்களோ அந்தச் சொல்லை எடுத்து முகப்பிலே பொறித்தார். நான் மனிதன் அல்லனோ என்று அவர் கேட்கவில்லை. இதுதான் என் பெயர், இதோ என் இதழ், படி என்றார். 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொணர்ந்த தீர்மானம், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லார்க்கும் உரியன என்றது. வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள். அதிலே வினாக்குறி இல்லை.

வெட்ஜ்வுட் குடும்பத்துக்கு நாம் ஒரு கடன் பட்டிருக்கிறோம், அதையும் தீர்த்துவிடுவோம். அவர் மகள் சூசன்னாவின் மகனே சார்லஸ் டார்வின். 1831-இல் பீகிள் கப்பலில் செல்ல இளைஞர் டார்வினுக்குத் தந்தை இசையாதபோது, பேசி இசைவித்தவர் மாமன், இரண்டாம் ஜோசையா வெட்ஜ்வுட். பிரேசிலில் அடிமைகள் படும் பாட்டை டார்வின் கண்ணால் கண்டு கொதித்தார். 1859-இல் உயிரினங்களின் தோற்றம் பற்றியும், 1871-இல் மனிதனின் தோற்றம் பற்றியும் நூல் வெளியிட்டார். மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை அல்ல, ஒரே மூதாதையரின் வழிவந்தவை என்றார். தாத்தா வில்லையில் எழுப்பிய வினாவுக்குப் பேரன் அறிவியலால் விடை தந்தார்: ஆம், உடன்பிறந்தான்தான், எவர் ஒப்பினும் ஒப்பாவிடினும்! இங்கே இரக்கத்துக்கு இடமில்லை. மண்டியிட வேண்டிய தேவையும் இல்லை. உண்மை எவரிடமும் இசைவு கேட்பதில்லை.

இவ்வளவும் நண்பருக்குத் தெரியும். டார்வின் நூல் அந்தக் கண்ணாடி அலமாரியிலேயே, நீலச் சாடிக்கு மேல்தட்டில் இருக்கிறது. அறிவு குறைந்து குவளை பிரியவில்லை. அப்படியானால் எதனால் பிரிந்தது?

மண்பாண்டத்துக்கு நம் நாட்டுச் சாத்திரம் ஒரு தனி நீதி வகுத்தது. உலோகக் கலம் தீட்டுப்பட்டால் துலக்கு; மண்கலம் தீட்டுப்பட்டால் உடை. சுட்ட மண் நீரை உறிஞ்சும் என்பது இயற்கை. தீட்டையும் உறிஞ்சும் என்பது கற்பனை. 1927 மார்ச்சில் மகாடு நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் அவர்தம் தோழர்களும் நீர் அருந்தினர். அந்தக் குளத்தைத் தூய்மை செய்ய உயர்சாதியார் என்ன செய்தனர்? 108 மண்குடங்களில் குளத்து நீரை முகந்தெடுத்து, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் இட்டு, மந்திரம் ஓதி, மீண்டும் குளத்திலேயே கொட்டினர். மனிதன் தொட்ட நீரை மாட்டுச் சாணம் தூய்மை செய்தது! அது பழங்கதை என்பீரோ? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்ததைத் தமிழ்நாடே கண்டது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை எதிர்த்து எத்தனை போராட்டங்கள்! கடைகளிலே அதை உடைக்கலாம், வழக்குத் தொடுக்கலாம். வீட்டுச் சன்னலுக்கு வெளியே கவிழ்ந்திருக்கும் குவளையை எந்தச் சட்டம் எட்டும்?

அந்தக் குவளைக்குச் சாத்திரம் தெரியாது. மந்திரம் தெரியாது. நண்பரின் இல்லத்தில் தீட்டு என்ற சொல்லை எவரும் உச்சரித்ததில்லை. சுகாதாரம் என்பார்கள், வசதி என்பார்கள், அவர்களே அப்படித்தான் விரும்புகிறார்கள் என்பார்கள். வழக்கம் என்று சொல்லி அடிமைச் சட்டத்திலிருந்து நம்மை விலக்கினார்களே, அதே சொல்தான் இன்னும் பணியில் இருக்கிறது. கண்ணாடிக்குள்ளே தொலைதூரத்து அடிமை. அவனுக்கு நம் இரக்கம் முழுதும் கிடைக்கிறது. அவன் தேநீர் கேட்கமாட்டான். அவன் பேசமாட்டான். நம் கோப்பையில் அவன் உதடு படாது.

ஆனால் நண்பரை மட்டும் கூண்டில் ஏற்றுவது முறையாகுமா? மேடையில் ஒன்றரை மணி நேரம் சமத்துவம் முழங்கும் நமக்கு, அந்த அறையில் ஒரு வாக்கியம் பேச நா எழவில்லையே! விருந்தினர் என்ற நயத்தக்க நாகரிகம் தடுத்தது என்றோம் நமக்கு நாமே. நாகரிகமா, கோழைத்தனமா? சீமாட்டிகளின் வளையலைப் பற்றி எழுதும் கை இதே கைதானே? நம் சட்டைப் பையிலும் ஒரு வில்லை இருந்திருக்கிறது. நாம் அதைக் கொள்கை என்று அழைத்துவந்தோம்.

எனவே மீண்டும் சென்றோம். மாசி பிறக்குமுன் ஒரு நாள், பிப்ரவரியில். நண்பரிடம் நேராகவே சொன்னோம். அவர் சினக்கவில்லை; முதலில் மறுத்தார், பின் வெட்கினார், பின்னர் சமையலறைக்குச் சென்று துணைவியாரோடு ஏதோ பேசினார். சற்று நேரத்தில் தேநீர் வந்தது. நான்கு கோப்பைகள், நான்கிலும் ஒரே பூவேலை. நண்பர் தாமே ஒரு கோப்பையை எடுத்துப் பணிப்பெண்ணிடம் நீட்டி, நாற்காலியையும் காட்டினார். நம் நெஞ்சிலே ஒரு பூரிப்பு எழுந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வரலாறு ஒன்று நம் கண்முன் திரும்புவது போன்ற பூரிப்பு.

அந்தப் பெண் கோப்பையைப் பார்த்தார். எங்கள் மூவரையும் பார்த்தார். நாங்கள் அவர் குடிப்பதைப் பார்க்கக் காத்திருந்தோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் அமர்ந்தார், ஊதி ஊதிக் குடித்தார், கோப்பையை மேசைமேல் வைத்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "டீ நல்லாத்தான் கீது சார். சம்பளத்த ஒண்ணாந்தேதி குடுத்தீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும். பையனுக்கு ஃபீசு கட்டணும். வாரத்துல ஒரு நாள் லீவும் வோணும்."

கேட்கவில்லை அவர்; சொன்னார். நண்பர் துணைவியார் பக்கம் திரும்பி, இன்று தேதி என்ன என்றார்.

ஒன்பது என்றார் அம்மையார்.